சொரிமுத்து அனுப்பிய துபாய் வெயில்

கருவேலங்குறிச்சி மேலத்தெருவில் அந்த வருஷம் ஐப்பசி பிறந்த அன்று தொடங்கிய மழை, தீபாவளியை நனைத்து, சூரசம்ஹாரத்தை நனைத்து, கார்த்திகை பிறந்த பிறகும் கிளம்ப மனசில்லாத விருந்தாளியாக ஊரிலேயே உட்கார்ந்திருந்தது. அந்த மழைக்கு ரொம்ப முன்னால், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு வைகாசி மத்தியானத்தில், நயினார் டிஜிட்டல் கடைக்குள் கொடைக்கானல் குளிர் வந்து இறங்கியது. அதிலிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும்.

நயினாருக்கு பிளக்ஸ் பேனர் அடிப்பது தொழில். காதுகுத்தோ, சடங்கோ, கல்யாணமோ, கண்ணீர் அஞ்சலியோ, தங்கள் முகத்தை ஆளுயரத்துக்குத் தெருமுனையில் பார்த்தால்தான் அது நடந்ததாகவே அந்த ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவருகிற படம் இவர் அனுப்பி அவர் அனுப்பிப் பல கை மாறி, மூக்கும் முழியும் கஞ்சியாகக் கரைந்து வந்து சேரும். ஆகவே எது அசல் படம், எங்கே எப்போது எடுத்தது என்று தெரிந்துகொள்ள, நயினார் தன் செல்போனில் இருக்கும் ஏஐ உதவியாளரிடம் படத்தைக் கொடுத்து உள்விவரத்தைப் படிக்கச் சொல்லுவான். ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதி, மணி, இடம், கேமரா என்று ஒரு குறிப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்குமாம். அந்த உதவியாளர் அதை வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி, ஓர் எழுத்துப் பிசகாமல், யார் முகத்துக்கும் பயப்படாமல், உரக்க வாசிக்கும். அதனால் தெருவில் அதற்குச் செய்திக்காரர் என்று பேர் வந்துவிட்டது. செல்போனுக்குள் இருந்தாலும் பெரிய மனுஷர் பேச்சாக இருந்ததால் எல்லாரும் அவர், இவர் என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

அந்த மத்தியானம் ஒரு புது மாப்பிள்ளை கொடைக்கானல் ஏரிக்கரையில் மனைவியோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்தான். செய்திக்காரர் தேதியை வாசித்தார், மணியை வாசித்தார், இடத்தை வாசித்தார். வாசித்து முடித்ததும் அந்தப் படத்துக்குள் அடைபட்டுக் கிடந்த அந்த நேரத்துக் காற்று செல்போனிலிருந்து வெளியே வந்தது. யூக்கலிப்டஸ் வாசனை வந்தது, சோளக்கதிர் சுடுகிற புகை வந்தது, குதிரைக்காரன் ஒருவன் யாரையோ கூப்பிடுகிற சத்தம்கூட வந்தது. நயினார் எழுந்து மின்விசிறியை அணைத்துவிட்டு, பேனர் துணி ஒன்றை இழுத்துப் போர்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தான். ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த பேராச்சி, குளிர் அடங்கும்வரை முந்தானையைத் தோளில் சுற்றிக்கொண்டு நின்றாள். பிறகு வெயிலுக்குள் இறங்கி வீட்டுக்குப் போனாள்.

ஊர் இதற்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. அவரவருக்கு வேலை கிடக்கிறதே. அந்த வாரமே எல்லார் செல்போனிலும் செய்திக்காரர் குடியேறிவிட்டார். டீக்கடைக்காரர் தன் கன்னியாகுமரிப் படங்களை மத்தியானத்துக்கு ஒன்றாக வாசிக்க வைத்து, இங்கே கடற்காற்றோடு டீ கிடைக்கும் என்று போர்டு எழுதினார். கரண்ட் போனால் மெழுகுவர்த்தியைத் தேடுகிற வழக்கம் போய், மலையிலும் ஆற்றிலும் எடுத்த படம் எதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடுகிற வழக்கம் வந்தது. தண்ணீர் வராத ஒரு நாள், குற்றாலத்தில் எடுத்த படத்தை வாசிக்கவிட்டுக் குளிக்கத் தொடங்கிய ஒருவர், சோப்புப் போட்டு முடிப்பதற்குள் படம் தீர்ந்துபோய், உடம்பெல்லாம் நுரையோடு பக்கத்து வீட்டு வாசலில் வந்து நின்று, ஐந்தருவியில் எடுத்தது எதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர்களும் கொடுத்தார்கள். ஒரு படம் ஒரு தடவைதான் காற்றுவிடும், அதுவும் ஒரு பானைச் சோறு வேகிற நேரத்துக்குத்தான் என்பதை ஊர் அப்படித்தான் தெரிந்துகொண்டது.

வாட்ஸ்அப்பில் படமாக வந்த படத்தில் ஒன்றும் இருக்காது என்பதையும் தெரிந்துகொண்டார்கள். வருகிற வழியிலேயே அதன் உள்விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும். அதற்குக் கழுவின படம் என்று பேர் வைத்தார்கள். அதையே டாக்குமென்ட்டாக அனுப்பினால் உள்ளது உள்ளபடி வந்து சேரும்.

தொல்லை இல்லாமலும் இல்லை. ஆபீஸ் வேலையாக மதுரைக்குப் போய்வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தலைவரின் படத்தை அவர் மனைவி சும்மா வாசிக்கவிட, மணிமுத்தாறு அருவிச் சாரலும், சுட்ட கோழி வாசனையும், நாலு பேர் கும்மாளமும் சமையலறை முழுக்க நிறைந்து, அந்த அம்மாள் கையில் பிடித்திருந்த தோசைக்கரண்டியும் நனைந்துபோனது. அதற்குப் பிறகுதான் அம்மன் கோயில் முன்னால் கூடி, சம்மதம் இல்லாமல் யாரும் யார் படத்தையும் வாசிக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். முன்மொழிந்தவர் மணிமுத்தாறுக்காரர். வழிமொழிய ஆண்களுக்குள் தள்ளுமுள்ளே நடந்தது.

பேராச்சி அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் சிரித்தபோது தானும் சிரித்தாள். அவளுடைய செல்போனில் கழுவின படங்கள்தான் இருந்தன, அத்தனையும் துபாய்ப் படங்கள். புருஷன் சொரிமுத்து கல்யாணமான மறுவருஷமே துபாய்க்குப் போனவன். போனவன் என்றால் சும்மா போகவில்லை, தெருவே வேன் பிடித்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய் மாலை போட்டு வழியனுப்பியது. பாலைவனம் வெல்லப் புறப்படும் சிங்கமே என்று நயினார் தன் கைக்காசில் பேனர் அடித்தான், அது வெயிலில் வெளுத்துக் கிழிகிறவரை தெருமுனையில் நின்றது. அவன் மாதம் தவறாமல் பணம் அனுப்பினான், வாரம் தவறாமல் பேசினான், அவ்வப்போது படமும் அனுப்பினான். எல்லாப் படத்திலும் அவன் கைகட்டி நிற்பான், அவனுக்குப் பின்னால் அந்த உலகத்திலேயே உயரமான கட்டடம் நிற்கும். படத்துக்குப் படம் அவன் சட்டை மாறும். பின்னால் பறக்கிற காக்காய் மட்டும் அதே இடத்தில் அப்படியே பறந்துகொண்டிருக்கும்.

பேராச்சி காக்காயைப் பார்த்தாளா என்று கேட்டால், பார்த்தாள். அதைப் பற்றி யோசித்தாளா என்று கேட்டால், யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு ரொம்பப் பாடுபட்டாள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒரு சாயங்காலம் அவன் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, அவனுக்குப் பின்னால் ஓர் இடி இடித்தது. அவள் ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் அதே இடி மேற்கு மலையைத் தாண்டி உருண்டு வந்து அவள் வீட்டுக் கூரைக்கு மேலேயும் இடித்தது. இங்கன ரோட்டு வேல நடக்கு, சத்தம் அதான் என்றான் அவன். அப்படியா, பாத்து இருங்க என்றாள் அவள். போனை வைத்த பிறகு வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தாள். மலை மேகத்துக்குள் இருந்தது.

அவளுக்கு அப்போதே விஷயம் முக்கால்வாசி விளங்கிவிட்டது. ஏஜெண்ட் எவனோ ஏமாற்றியிருக்கிறான். அவ்வளவு மாலையும் பேனரும் வாங்கிக்கொண்டு போன மனுஷன், எந்த முகத்தோடு தெருவுக்குள் திரும்பி வருவது என்று தெரியாமல் மலைக்கு அந்தப்பக்கம் எங்கேயோ ஒதுங்கிவிட்டான். அவளுக்கு அவன்மேல் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாகப் பயம் இருந்தது. அந்தப் பொய்யை மட்டும்தான் அவன் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறான். அது ஊரறிய உடைந்துபோனால் வெட்கத்தில் போனையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரேயடியாகத் தொலைந்துபோவான். அவளுக்குத் துபாய் வேண்டாம், மனுஷன் திரும்பி வந்தால் போதும். ஆகவே யாராவது துபாய் எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஒரே வெயிலாம், பாவம், கறுத்துப்போயிட்டாவ என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சங்கரவடிவு அக்காளின் இளைய மகளுக்குக் கார்த்திகைக் கடைசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். சங்கரவடிவு மேலத்தெரு மகளிர் குழுவின் தலைவி; குரலில் பாதி போதும், தெரு நின்று கேட்கும். அவள் மூத்த மகள் கல்யாணத்தில் பந்திக்குக் கடை அப்பளம் போட்டதை அந்தச் சம்பந்தி வீட்டார் இன்றுவரை சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டுகிறார்கள். ஆகவே இந்தக் கல்யாணத்துக்கு வீட்டில் போட்ட கூழ்வத்தல்தான், கண்ணால் பார்த்தாலே நொறுங்க வேண்டும் என்று சபதம் எடுத்திருந்தாள். தெருப் பெண்கள் எல்லாரும் கூடி அரிசிக்கூழ் கிண்டி, அவள் வீட்டு மாடி அறை முழுக்க வேட்டியை விரித்துப் பிழிந்து வைத்தார்கள். வெயில்தான் இல்லை.

வெயிலுக்கென்ன, படம் இருக்கிறதே என்று முதலில் யாரும் கவலைப்படவில்லை. சித்திரைத் தேரோட்டப் படம் வந்தது, ஓட்டுப் போட வரிசையில் நின்ற படம் வந்தது, கல்லூரி விளையாட்டு விழாப் படம் வந்தது. மாடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்கவிட்டார்கள். தேரோட்டப் படத்தில் நல்ல வெயில். ஆனால் கூட்டத்து வேர்வையும் சேர்ந்து வந்ததால் வத்தல் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் பிசுபிசுத்தது. ஓட்டுச்சாவடிப் படத்தில் வெயிலைவிடச் சண்டைச் சத்தம் அதிகம். எல்லாப் படமும் தீர்ந்தபோது வத்தல் அரைகுறையாகக் கிடந்தது, ஓரங்களில் பச்சை பூக்கத் தொடங்கியிருந்தது. கல்யாணம் நெருங்கிவிட்டது.

இந்த நேரத்தில்தான் கல்யாண பேனர் குறுக்கே வந்தது. வாழ்த்தும் நல்லுள்ளங்கள் வரிசையில், துபாய் என்ற அடைமொழியோடு சொரிமுத்துவின் படம் நடுநாயகமாக வர வேண்டும் என்று சங்கரவடிவு சொல்லிவிட்டாள். நயினார் பேராச்சியிடம் கேட்டான், பேராச்சி புருஷனிடம் கேட்டாள். நயினாரின் கடைச் சுவரில் எந்தக் காலத்திலிருந்தோ ஒரு வாசகம் ஒட்டியிருக்கும்: போட்டோவை டாக்குமென்ட்டாக அனுப்பவும், இல்லாவிட்டால் முகம் உடைந்தால் கடை பொறுப்பல்ல. ஊரில் எல்லாருக்கும் மனப்பாடமான அந்த வாசகத்தை அவளும் பழக்கதோஷத்தில் அப்படியே ஒப்பித்தாள். செய்திக்காரர் ஊருக்குள் வந்த விஷயம் எதுவுமே அறியாத சொரிமுத்து, ஆளுயர பேனரில் தன் முகம் உடையாமல் வர வேண்டும் என்கிற ஆசையில், புதுச்சட்டை போட்டு, புதுப்படம் எடுத்து, சொன்னபடியே டாக்குமென்ட்டாக அனுப்பினான். அவளும் அதை நயினாருக்குத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டு அடுப்பில் பால் வைத்த பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. பாலை அப்படியே விட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நயினார் கடைக்கு ஓடினாள்.

அங்கே சங்கரவடிவு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது.

"வா பேராச்சி. உனக்குத்தான் ஆளனுப்பணும்னு இருந்தேன். ஒன் மாப்பிள அசல் படமா அனுப்பியிருக்காராம்லா. நயினாரு சொன்னான்."

நயினார் தரையைப் பார்த்தான். "நான் வாசிக்கல மதினி. நீங்க சொல்லாம வாசிக்க மாட்டேன்."

சங்கரவடிவு பேராச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு எந்த வெயிலும் தெருவில் பாக்கியில்லை என்றாள். பாலைவனத்து வெயில் ஒரு பானைச் சோறு வேகிற நேரம் அடித்தால் போதும், வத்தல் எலும்பாகக் காய்ந்துவிடும் என்றாள். மூத்தவள் கல்யாணத்துக் கதையை மறுபடியும் சொல்லி, இத்தனை வருஷம் யார் முன்னாலும் கலங்காத கண்ணைக் கலங்கவிட்டாள். பேராச்சியின் கல்யாணத்துக்கு இதே சங்கரவடிவுதான் விடிய விடிய அடுப்படியில் நின்றவள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவளும் இவள்தான். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். சொல்லக்கூடிய ஒரே காரணம் எதை மறைக்க வேண்டுமோ அதுவாகவே இருந்தது. பேராச்சி கடைக்கு வெளியே மழையைப் பார்த்தாள், பிறகு சரி என்று தலையை ஆட்டினாள்.

சேதி தெருவெல்லாம் பரவிவிட்டது. மறுநாள் காலையில் சங்கரவடிவு வீட்டு மாடிக்குத் துபாய் வெயில் வாங்க வந்தவர்களை எண்ணி மாளாது. ஈரம் காயாத பள்ளிக்கூடச் சீருடையோடு வந்தார்கள், மிளகாய் வத்தலோடு வந்தார்கள், நமுத்துப்போன தீப்பெட்டிகளோடு வந்தார்கள். மணிமுத்தாறுக்காரர் மூட்டுவலிக்கு நல்லது என்று முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கறுப்புக் கண்ணாடியோடு சுவரோரம் உட்கார்ந்தார். எல்லாரும் தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள், கண் கூசும் என்று சங்கரவடிவு எச்சரித்தாள். பேராச்சி கதவோரம் நின்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டாள். செய்திக்காரருக்கு இன்றைக்கு மட்டும் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் வேண்டுதல். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நயினார் செல்போனை வத்தல் விரிப்பின் நடுவில் ஒரு மணைப்பலகை மேல் வைத்தான்.

செய்திக்காரர் வணக்கம் சொன்னார். படம் எடுக்கப்பட்ட தேதியை வாசித்தார், மணியை வாசித்தார், கேமராவின் பேரை வாசித்தார்.

"படம் எடுக்கப்பட்ட இடம், புனலூர், கொல்லம் மாவட்டம், கேரளம்."

மழை கொட்டியது. மேலத்தெரு மழை வெளியே கொட்டிக்கொண்டிருக்க, புனலூர் மழை உள்ளே கொட்டியது. வத்தல்மேல் கொட்டியது, மிளகாய்மேல் கொட்டியது, மணிமுத்தாறுக்காரரின் எண்ணெய் பூசிய முழங்கால்மேல் முத்துமுத்தாக உருண்டு ஓடியது. ரப்பர் தோட்டத்து ஈர வாசனை வந்தது. கொதிக்கிற தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய்ச் சீவல் விழுகிற சத்தம் வந்தது. சேட்டா, வேகம், வேகம் என்று யாரோ அவசரப்படுத்துகிற குரல் வந்தது. அதற்கு நடுவே, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, சொரிமுத்துவின் குரலும் வந்தது. படம் எடுக்கிறவனிடம் அவன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"பின்னால ஷட்டர்ல வரைஞ்ச படமின்னு தெரியாதுல்லா? வெயில்ல நிக்க மாதிரி இருக்கா பாரு. மழையில நனையுதேன்னு தெரிஞ்சா அவ சோறு திங்க மாட்டா."

மழை நின்றது. கூழெல்லாம் கரைந்து வேட்டியிலிருந்து வழிந்து படிக்கட்டில் இறங்கியது. தலையில் போட்ட துண்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பேராச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், அடுத்து வரப்போகிற முதல் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

சங்கரவடிவு தன் வத்தலைப் பார்த்தாள். இத்தனை நாள் பாடும் கண்ணெதிரே கஞ்சித்தண்ணியாகப் போவதைப் பார்த்தாள். பிறகு பேராச்சியைப் பார்த்தாள். முகத்தில் வழிந்த புனலூர் மழையை முந்தானையால் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

"துபாய்லயும் இப்ப மழதான் போல," என்றாள்.

ஒரு கணம் தெரு யோசித்தது. பிறகு தெருவுக்கு வழி தெரிந்துவிட்டது. ஆமாமா, உலகம் பூரா சீதோஷ்ணம் கெட்டுப்போச்சு, பாலைவனத்துல இப்பல்லாம் வெள்ளமே வருதாம் என்றாள் மிளகாய்க்காரி. அங்கே எல்லாம் தேங்காய் எண்ணெயில்தான் பொரிப்பார்கள், என் மச்சினன் சொல்லியிருக்கிறான் என்றார் டீக்கடைக்காரர். மலையாளத்தார் அங்கே ரொம்ப ஜாஸ்தி, அதனால் பேச்சும் அப்படித்தான் கேட்கும் என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே மணிமுத்தாறுக்காரர் விளக்கினார். அவர் விளக்கியதைக் கேட்டு எல்லாரும் அப்படித்தான், அப்படித்தான் என்று தலையாட்டினார்கள்.

செய்திக்காரரால் மட்டும் இதைத் தாங்க முடியவில்லை. "ஒரு சிறிய திருத்தம். மேற்கண்ட இடம் துபாய் அல்ல. புனலூர் இங்கிருந்து மலைவழியாகப் பேருந்தில்..." என்று தொடங்கினார்.

"உங்கள யாரும் கேக்கல," என்று சொல்லி, சங்கரவடிவு கூழ் கிண்டின பெரிய சட்டியை எடுத்து அவர்மேல் கவிழ்த்தாள். உள்ளிருந்து அவர் கொஞ்ச நேரம் மாவட்டம், மாநிலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் அடங்கினார்.

அவர்கள் சிரிக்கவே இல்லை. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு, துபாய் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கிப் போனார்கள். பேராச்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூன்று வருஷமாகப் பொய் சொன்ன மனுஷனை வெளக்கமாற்றால் அடிக்க வேண்டும் என்றும் இருந்தது, அந்தப் பொய்யைக்கூடத் தனக்காக நனைந்துகொண்டே சொல்லியிருக்கிறானே என்றும் இருந்தது. கரைந்த கூழைச் சங்கரவடிவோடு சேர்ந்து அள்ளினாள். உங்க வத்தல் போச்சே அக்கா என்றாள். வத்தல் போனா போவுது பிள்ள, ஆளக் கூப்பிடு என்றாள் சங்கரவடிவு, குனிந்த தலை நிமிராமல்.

அன்று சாயங்காலம் பேராச்சி போன் பண்ணினாள். எப்போதும் அவன்தான் கூப்பிடுவான், அவளாகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. அவன் பதறிப்போய் என்ன, ஏது என்று கேட்டான். பேனரில் படம் நன்றாக வந்திருக்கிறது, முகம் கொஞ்சமும் உடையவில்லை என்றாள். அவன் குரலில் சந்தோஷம் தெரிந்தது. சங்கரவடிவு அக்காள் வீட்டு வத்தல் எல்லாம் மழையில் நனைந்து வீணாகிவிட்டது, பந்திக்கு வைக்க மொறுமொறுப்பாக ஒன்றுமில்லை, அக்காள் கண் கலங்கிவிட்டாள் என்றாள். அவன் ஐயோ பாவம் என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மேலே பேசினாள்.

"ஏங்க, துபாய்ல நேந்திரங்காய் சிப்ஸ் கெடைக்குமா?"

அந்தப் பக்கம் மழை மட்டும் கேட்டது. ஷட்டர் தகரத்தில் விழுகிற மழை. அவன் போனை வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைத்துவிட்டால் அவ்வளவுதான், பிறகு அந்த எண் என்றைக்கும் எடுக்காது. ஒரு லாரி கடந்து போனது. யாரோ சேட்டா என்று கூப்பிட்டார்கள்.

"கெடைக்கும்," என்றான் கடைசியில். அவன் குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"பார்சல் வேண்டாம். வழியில நொறுங்கிப் போவும். நீங்களே கொண்டுட்டு வாங்க."

"தெருவுல..."

"தெருவுல எல்லாரும் ஒங்களத் துபாய்லேர்ந்து எதிர்பாத்துக்கிட்டு இருக்காவ," என்றாள் பேராச்சி. "அவ்வளவுதான் அவியளுக்குத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது. தெரியப்போறதும் இல்ல."

கல்யாணத்துக்கு முந்தின நாள், மலைவழியாக வருகிற பஸ்ஸில் சொரிமுத்து வந்து இறங்கினான். கறுக்கவில்லை, நிழலிலேயே வளர்ந்த கீரை மாதிரி கொஞ்சம் வெளுத்திருந்தான். இரண்டு தோளிலும் சிப்ஸ் மூட்டை, தலையில் ஒரு மூட்டை. அவன் முகம் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருக்கிற பேனருக்குக் கீழே வந்து நின்று, அதற்கு மேல் கால் எழும்பாமல், தெருவைப் பார்த்தான். முதலில் டீக்கடைக்காரர்தான் எழுந்து வந்தார். விமானம் லேட்டா தம்பி என்று கேட்டு, ஒரு மூட்டையை வாங்கிக்கொண்டார். சொரிமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆமாண்ணே, லேட்டாயிட்டு என்றான். மணிமுத்தாறுக்காரர் பயணமெல்லாம் சௌகரியமா, மேலே போகும்போது காது அடைத்ததா என்று விசாரித்தார். நயினார் ஒன்றும் கேட்கவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை.

மறுநாள் பந்தியில் வாழையிலையின் ஓரத்தில் பொன்நிறத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் விழுந்தது. மூத்த சம்பந்தியம்மாள் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர்ப் பலகாரம் என்று கேட்டாள். துபாய் சிப்ஸ் என்றாள் சங்கரவடிவு, பரிமாறுவதை நிறுத்தாமல். அந்தம்மாள் இன்னொரு கை கேட்டு வாங்கினாள். இடுப்பில் செருகியிருந்த செல்போனிலிருந்து செய்திக்காரர், ஒரு சிறிய திருத்தம் என்று தொடங்கியதும், சங்கரவடிவு அதைச் சாம்பார் வாளிக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அவர் உடனே மணமக்களை வாழ்த்தினார்.

முந்தின நாள் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தெரு விசாரித்து முடித்து, மூட்டைகள் சங்கரவடிவு வீட்டுக்குப் போன பிறகு, சொரிமுத்து தன் வீட்டு வாசலுக்கு வந்து படிக்குக் கீழேயே நின்றான். பேராச்சி உள்ளே நின்றாள். அவன் சட்டை தோளோடு ஒட்டிக்கிடந்தது, தலைமுடியிலிருந்து தண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. அவள் கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு படிக்கு வந்தாள்.

"துபாய்ல ரொம்ப மழையோ?" என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் கேலி கொஞ்சம் இருந்தது, மற்றதெல்லாமும் இருந்தது.

"ஆமா," என்றான். "மூணு வருஷமா விடவே இல்ல."

அவள் அவன் தலையைப் பிடித்துக் குனியவைத்து, துண்டால் அழுத்தித் துவட்டத் தொடங்கினாள்.